கடைசி சீட்டுப் பாட்டு

என் மாமாவுக்கு ஒரு பழக்கம். டிவியில் 'நான் ஒரு ராசியில்லா ராஜா' வந்தால் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். 1980-ல் 'ஒருதலை ராகம்' வந்தபோது அவர் மயிலாடுதுறையில் கல்லூரி மாணவர். டி.ராஜேந்தரின் ஊரும் அதுதான். படத்தைப் பல தடவை பார்த்தவர். ஆனாலும் கூடச் சேர்ந்து ஒரு வரி முணுமுணுத்துப் பார்த்ததில்லை. ஏன் மாமா என்று கேட்டதற்கு, "அத டி.எம்.எஸ். பாடணும், நாம கேக்கணும்டா" என்றார். பெருசு ஏதோ சொல்லுது என்று விட்டுவிட்டேன்.

இளம் வயதுப் பையன்களைப் பாட்டு கெடுக்கிறதா என்ற கேள்வி வரும்போதெல்லாம் இப்போது அந்த மாமாவின் மூடிய வாய்தான் ஞாபகம் வருகிறது.

2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி டி' யூடியூபில் வந்தது. நான் அப்போது பிளஸ் ஒன். தனுஷ் எழுதிப் பாடியது, இசையமைத்த அனிருத்துக்கு இருபத்தொரு வயசு. அந்தப் பாட்டைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். தங்கிலீஷ், வைரல், அது இது என்று. எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். அது யாராலும் பாட முடிந்த பாட்டு. மேல் ஸ்தாயி கிடையாது, மூச்சடக்க வேண்டியதில்லை, வேகமும் இல்லை. தனுஷ் குரலில் ஒரு தூக்கக் கலக்கம். வகுப்பில் சுத்தமாகச் சுருதி சேராத ஒருத்தன்கூட அதை அட்சரம் பிசகாமல் பாடினான். எஸ்.பி.பி. பாட்டு கேட்டால் "எப்பட்றா பாடுறாரு" என்று தோன்றும். இதைக் கேட்டால் "நம்மளும் பாடலாம்" என்று தோன்றியது. காதல் தோல்விப் பாட்டு கேட்கிற விஷயமாக இருந்தது போய், செய்கிற விஷயமாக மாறியது அங்கேதான்.

நியாயமாகச் சொன்னால் கொலவெறியில் வெறி எதுவும் இல்லை. பாடுகிறவன் தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்கிறான். அதே மாதம் வெளியான 'மயக்கம் என்ன' படத்தில் தனுஷும் செல்வராகவனும் சேர்ந்து பாடும் 'காதல் என் காதல்' அப்படியில்லை. அதில் அவளை அடிக்கச் சொல்கிற பேச்சு வருகிறது. குடித்துவிட்டு நண்பர்கள் புலம்புவது போன்ற மெட்டு, அதனால் அதுவும் சிரிப்பாகத்தான் கேட்டது. செல்போன் கடையில் காசு கொடுத்து மெமரி கார்டில் ஏற்றிக்கொண்ட பாட்டுகளில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. நாங்கள் வித்தியாசம் பார்க்கவில்லை.

எங்கள் டியூஷனில் ஒரு பெண். என் நண்பன் அவளிடம் போய்ச் சொன்னான், அவள் இஷ்டமில்லை என்றாள். அவ்வளவுதான் நடந்தது. இதுவே மாமா காலமாக இருந்தால் அவன் ஒரு மாசம் தாடி வைத்துக்கொண்டு ரயிலடியில் நின்றிருப்பான் என்று நினைக்கிறேன். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. மறுநாள் சாயங்காலம் டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து, அவள் ஏறியதும் பாட ஆரம்பித்தோம். தட்டுவதற்கு ஜன்னல் கம்பி இருந்தது. யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை, கெட்ட வார்த்தை இல்லை, பக்கத்தில் போகவில்லை. பாட்டுதானே! மூன்று வாரம் பாடினோம். அவள் முந்தின பஸ்ஸுக்கு மாறினாள். அப்புறம் டியூஷனுக்கே வரவில்லை.

அந்தப் பாட்டு எங்களைச் செய்யச் சொன்னதா? இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் எங்களுக்கு அவளிடம் சொல்ல எதுவும் இருந்திருக்காது, வெறுமனே முறைத்திருப்போம். மெட்டும் கைத்தட்டலும் ரெடிமேடாகக் கிடைத்தன. ஒருத்தனுக்கு நேர்ந்த சின்ன அவமானம் ஐந்து பேருடைய கொண்டாட்டமாக மாற அது போதுமாக இருந்தது.

பழைய பாட்டெல்லாம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ராசியில்லாத ராஜா தன் ராசியைத்தான் நொந்துகொள்கிறான். சூப் பாட்டுகளில் 'நான்' மெல்ல 'நாம' ஆகிறது, 'அவள்' என்பது 'பொண்ணுங்க' ஆகிறது. ஒரு பெண் மறுத்தது மறந்துபோய் பெண்களே இப்படித்தான் என்றாகிறது. பன்மையில் வந்தபிறகு யாருக்கும் அதில் பொறுப்பில்லை.

பெரியவர்கள் இதைத் தடுத்திருக்கலாமே என்றால், யார் தடுப்பது? 2011 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங், ஜப்பான் பிரதமருக்குக் கொடுத்த விருந்துக்குத் தனுஷை அழைத்திருந்தார். நான் படித்த பள்ளியின் ஆண்டுவிழாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கொலவெறிக்கு ஆடினார்கள், மேடையோரம் ஆசிரியர்கள் தாளம் போட்டார்கள். நான்கு வருஷம் கழித்து, சென்னை வெள்ளம் வடிந்த கையோடு பீப் பாட்டு வெளியானபோது மட்டும் ஊரே கொதித்தது. மாதர் சங்கத்தினர் தெருவுக்கு வந்தார்கள், போலீஸில் புகார் போனது. அவர்கள் கோபம் சரிதான். ஆனால் டிவி விவாதங்களில் பெரும்பாலும் அந்த ஒற்றை வார்த்தையைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பஸ்ஸில் பீப் போட ஒரு சொல்கூட இல்லையே.

தடை கேட்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. "வெறும் பாட்டு பாஸ்" என்கிறவர்களோடும் முடியவில்லை. அந்த வசனத்தை நானே பல வருஷம் பேசியிருக்கிறேன். வெறும் பாட்டுதான் என்றால் நாங்கள் ஏன் அவள் ஏறும்வரை காத்திருந்தோம்?

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். பந்தியில் எதிரெதிர் இலை. நானாகத்தான் அந்தப் பேச்சை எடுத்தேன், மன்னிப்பு மாதிரி ஏதோ உளறினேன். அவள் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "நீங்க அஞ்சு பேரா? எனக்கு பஸ்ஸே பாடுன மாதிரிதான் ஞாபகம்" என்றாள். பிறகு, "கண்டக்டர் அண்ணன்கூட சிரிச்சாரு. அவருகிட்டதான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள்.

பின்னால் பாட்டுக் கச்சேரியில் யாரோ ஒரு பையன் அனிருத் பாட்டு ஒன்றைத் தொடங்கினான். அவள் மகனுக்கு நான்கு வயசிருக்கும், இலையை விட்டு எழுந்து ஆட ஆரம்பித்தான். அவள் சிரித்துக்கொண்டே அவன் கையைப் பிடித்து உட்காரவைத்து, ரசம் ஊற்றச் சொன்னாள்.