ஒதுங்கி நிற்கும் அரசும் பங்கு கேட்கும் மகளும்

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கையில் குளித்து, மலையிறங்குகிறவர்கள் பலருக்குத் தெரியாத சட்டவிதி ஒன்று உண்டு. மத்திய அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டாலன்றி, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. முந்தைய ஆண்டின் திருமணச் சட்டமும் அப்படியே. இந்த மலையின் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். ஆகவே அவர்களுடைய மணமும் மணமுறிவும் பாகப்பிரிவினையும் வழக்கத்தின் கையில் விடப்பட்டன.

இப்படி அரசு விலகி நிற்பது ஒரு பெரிய கேள்வியை எழுப்புகிறது: எது நல்ல வாழ்வு என்று அது தீர்ப்புச் சொல்லலாமா? தாராளவாத சிந்தனையாளர்கள் அரை நூற்றாண்டாக வாதிட்டுவரும் கேள்வி இது. பல நெறிகளில் நிற்கும் மக்கள் ஒரே அரசியலமைப்பின் கீழ் வாழ வேண்டுமானால், அரசு எந்த ஒரு வாழ்க்கை நெறியையும் தன் அடித்தளமாகக் கொள்ளலாகாது என்றார் ஜான் ரால்ஸ். 1993இல் வந்த அவரது ‘அரசியல் தாராளவாதம்’ இதை விரிவாகப் பேசுகிறது. ஜோசப் ராஸ் 1986லேயே இதற்கு எதிர்த்திசையில் நின்றார். மனிதர் தம் வாழ்வைத் தாமே தேர்ந்துகொள்ள நல்ல வழிகள் கண்முன் இருக்க வேண்டும், அவற்றை வளர்ப்பது அரசின் கடமை என்பது அவர் கட்சி.

நம் மலைக்கு நெருங்கி வருகிறவர் மலேசியாவில் பிறந்த சந்திரன் குகதாஸ். ஒரு சமூகத்தை அதன் போக்கில் விடலாம், பிடிக்காதவர் விலகிப் போக உரிமை இருந்தால் போதும் என்கிறார். சூசன் ஓக்கின் அப்படி விடுவதில் பெண்கள் இழப்பதைக் கணக்கில் எடுத்தார். நான் ஓக்கின் பக்கம். தன் பேரில் ஒரு மிளகுக்கொடிகூட இல்லாதவள் எதை நம்பி விலகிப் போவாள்?

1989இல் தமிழக அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு கொடுத்தது. காரவள்ளி அடிவாரத்து விவசாயி மகளுக்கு அது கிடைத்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, மலையாளிக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. பழங்குடி வழக்கத்தை மதித்து விலகி நின்றோம் என்பார்கள். காட்டு விஷயத்தில் அந்த மதிப்பு எங்கே போனது? தலைமுறைகளாகப் புழங்கிய காட்டைக் காப்புக்காடு என்று வரையறுத்தபோது ஆங்கிலேய அரசு விலகி நிற்கவில்லை. இன்றும் தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஓரிடமும் இல்லை. அதனால் பழங்குடிக் கிராமசபைகளுக்கு 1996இல் வந்த தனி அதிகாரச் சட்டமும் இங்கே செல்லாது. நாட்டார் கூடிப் பேசும் பொதுக்காரியத்துக்குச் சட்டத்தில் இடமில்லை; மகளை விலக்கும் வழக்கத்துக்கு மட்டும் இடமுண்டு. இதை நடுநிலை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. யாருடைய இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அரசு முன்பே முடிவெடுத்துவிட்டது.

அதற்காக எல்லாவற்றிலும் அரசு நுழையலாம் என்று பொருளில்லை. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் கடுமையாக அமல்படுத்தப் பார்த்து, மறு ஆண்டே அதை நீக்கினார்கள். நீக்கியது சரி. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதால் குடும்பத்தில் எவருடைய உரிமையும் பறிபோவதில்லை. உள்ளே இருக்கும் ஒருவரின் வாயை வழக்கம் அடைக்கிறதா என்பதே நான் வைக்கும் அளவுகோல்.

வழி இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மணமானவர்களுக்குத் தரும் பட்டாவைக் கணவன் மனைவி இருவர் பேரிலும் பதியச் சொல்கிறது. அங்கே அரசு ஒரு நெறியின் பக்கம் வெளிப்படையாகவே நின்றது. பழங்குடிப் பெண்ணுக்கு வாரிசுரிமையை மறுப்பது சமத்துவத்துக்கு முரண் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் ஒரு கோண்டு குடும்பத்தின் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் நீதிமன்றப் படியேறும் வசதி எல்லா மகளுக்கும் இருக்காது. மத்திய அரசின் அறிவிக்கை வர வேண்டும். அதன் வாசகத்தை எழுதும் முன் அதிகாரிகள் வளப்பூர் நாட்டுக்கு வந்து, நாட்டாரைக் கேட்பதுபோல் அங்குள்ள பெண்களையும் தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.