எக்செல் படத்தில் காணாமல் போகும் புள்ளிகள்

எக்செல்லில் ஸ்கேட்டர் சார்ட் போடுவது எப்படி என்று தேடினால் வரும் வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. இரண்டு நெடுவரிசையைத் தேர்வு செய், இன்சர்ட் போ, புள்ளி புள்ளியாக இருப்பதை அழுத்து. மீதி நேரமெல்லாம் கலர் மாற்றுவதில் போய்விடும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அட்டவணையின் எந்த வரிகள் படத்துக்குள் போயின, எக்ஸ் அச்சில் எந்த எண்கள் உட்கார்ந்திருக்கின்றன என்ற இரண்டு விஷயத்தை எக்செல் தானாகவே முடிவு செய்கிறது. முடிவு செய்ததை நம்மிடம் சொல்வதும் இல்லை. என் புகார் இதுதான்.

லைன் சார்ட்டுக்கும் ஸ்கேட்டருக்கும் உள்ள குழப்பம் ஊரறிந்தது. லைன் சார்ட்டுக்கு எக்ஸ் என்பது வெறும் பெயர்ப்பலகை. 3, 4, 40 என்று கொடுத்தாலும் சம இடைவெளியில் நிறுத்திவிடும். ஸ்கேட்டர்தான் 40-ஐ 40-ன் இடத்தில் வைக்கும். சரி, ஸ்கேட்டரையே அழுத்தியாச்சு, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. எக்ஸ் நெடுவரிசையில் ஒரே ஒரு செல்லில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து இருந்தால் போதும். "சுமார் 53" என்றோ "53 டிகிரி" என்றோ யாராவது அடித்திருப்பார்கள். எக்செல் மொத்த நெடுவரிசையையும் ஒதுக்கிவிட்டு, 1, 2, 3 என்று வரிசை எண்ணை எக்ஸாக வைத்துப் படம் போட்டுவிடும். எச்சரிக்கை கிடையாது. படமும் பார்க்க ஜோராக இருக்கும்!

பழைய வரலாற்றுத் தரவுகளோடு மல்லுக்கட்டும் என் போன்றவர்களுக்கு இது இன்னும் மோசம். எக்செல்லின் காலண்டர் 1900 ஜனவரியில்தான் தொடங்குகிறது. 1876-78 தாது வருஷப் பஞ்ச காலத்துத் தானிய விலையைத் தேதிவாரியாக அடித்துப் பாருங்கள். அந்தத் தேதிகள் எல்லாமே அதற்கு வெறும் எழுத்து. இரண்டு குறிப்புகளுக்கு நடுவில் ஒரு நாள் இருந்தாலும் ஆறு மாதம் இருந்தாலும் புள்ளிகள் சம இடைவெளியில் நிற்கும். விலை கிடுகிடுவென ஏறிய வாரங்களும் ஆமையாய் நகர்ந்த மாதங்களும் ஒன்றுபோலத் தெரியும். நான் தேதியை ஆண்டின் தசம எண்ணாக மாற்றிவிடுவேன்: 1876 அக்டோபர் 15 என்றால் 1876.79.

அடுத்தது மறைந்த வரிகள். அட்டவணையில் ஃபில்டர் போட்டு சில வரிகளை மறைத்தால், எக்செல் அவற்றைப் படத்திலிருந்தும் எடுத்துவிடும். விற்பனை ரிப்போர்ட்டுக்கு இது வசதிதான். பார் சார்ட்டில் ஒரு ஊர் போனால் ஒரு பார் குறையும், மற்ற பார்கள் சொல்லும் சேதி மாறாது. ஸ்கேட்டர் அப்படி இல்லை. அது காட்டுவதே இரண்டு அளவுகளுக்கு நடுவில் உள்ள உறவை. சில புள்ளிகளை எடுத்தால் அந்த உறவே வேறாகிவிடும்.

எவ்வளவு வேறாகும் என்பதற்கு சேலஞ்சர் விண்கலத்தின் கதை இருக்கிறது. 1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் கடுங்குளிர் என்று தெரிந்ததும் பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் பொறியாளர்கள் 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். மூட்டுகளை அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் குளிரில் விறைத்துவிடும் என்பது அவர்கள் கவலை. எதிர்வாதம், 75 டிகிரியிலும் சேதம் வந்திருக்கிறதே என்பது. சேதம் வந்த 7 பயணங்களை மட்டும் புள்ளி வைத்துப் பாருங்கள்: 53 டிகிரியில் 3 சேதம், 75-ல் 2, நடுவில் 57, 58, 63, இரண்டு முறை 70, தலா ஒன்று. ஏதோ யு மாதிரி வளைவு. குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இப்போது சேதமே வராத பயணங்களையும் சேருங்கள். விபத்துக்குப் பிறகு ரோஜர்ஸ் ஆணையம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டியது. 65 டிகிரிக்குக் கீழே நடந்த 4 பயணங்களில் நான்கிலுமே சேதம். அதற்கு மேலே நடந்த 20-ல் வெறும் 3. பூஜ்யத்தில் கிடந்த புள்ளிகள்தான் விஷயத்தைச் சொல்லின. விண்கலம் கிளம்பிய 73-வது வினாடியில் சிதறியது. 7 பேர் இறந்தார்கள்.

குற்றவாளி எக்செல் என்று சொல்லவில்லை. அது முதன்முதலில் மேக்கிண்டாஷுக்கு வந்து அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. படம் சரியாக வரைந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்ற பேச்சும் எனக்கு ஒப்பவில்லை. எட்வர்ட் டஃப்டி 1997-ல் எல்லாப் பயணங்களையும் வைத்து ஒரு ஸ்கேட்டர் வரைந்து, பொறியாளர்களின் படங்களைக் கடுமையாக விமர்சித்தார். அன்றிரவு ஏவ வேண்டாம் என்று போராடிய ரோஜர் பாய்ஜோலி இன்னும் சிலரோடு சேர்ந்து பதில் எழுதினார்: டஃப்டி எக்ஸ் அச்சில் ஓ-ரிங்கின் வெப்பத்தையும் வெளிக்காற்றின் வெப்பத்தையும் கலந்துவிட்டார் என்று. பாய்ஜோலி பக்கம்தான் நியாயம் என்பேன். சாட்சிகளை ஒன்றுவிடாமல் கொண்டுவந்தவர், அவர்கள் எதைப் பற்றிச் சாட்சி சொல்கிறார்கள் என்று பார்க்காமல் விட்டுவிட்டார்.

இன்றைய எக்செல்லில் இந்த 24 வரிகளையும் அடித்து, ஃபில்டரில் பூஜ்யத்துக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்தால் அந்த 7 புள்ளிப் படம் ஒரே கிளிக்கில் வந்து நிற்கும். அதன்மேல் டிரெண்ட்லைன் இழுத்தால் ஆர்-ஸ்கொயர்டு மதிப்பைக்கூடப் பொறித்துக் கொடுக்கும். 17 வரிகள் வெளியே நிற்பதாகப் படத்தில் ஒரு வார்த்தை இருக்காது. மாற்ற வழி இருக்கிறது: செலக்ட் டேட்டாவுக்குள் போய், ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ் என்ற பொத்தானை அழுத்தி, மறைந்த வரிகளையும் காட்டு என்பதில் டிக் போட வேண்டும். அங்கே எத்தனை பேர் போவார்கள்?

படத்தின் மூலையில் "24-ல் 7" என்று சின்னதாக எழுதுவது மைக்ரோசாஃப்டுக்கு ஒரு மதிய வேலை. அவர்கள் செய்யும்வரை நான் சப்டோட்டல் ஃபார்முலாவில் தெரியும் வரிகளை எண்ணி, அந்த செல்லை சார்ட் தலைப்போடு இணைத்துவிடுகிறேன். எக்ஸ் நெடுவரிசைக்குப் பக்கத்தில் இஸ்நம்பர் ஒன்று. ஃபால்ஸ் என்று ஒரு செல் சொன்னாலும் சார்ட்டைத் திறப்பதில்லை.