‘வாக்கப்படுதல்’ என்னும் இடப்பெயர்வு

‘இடப்பெயர்வு’ என்றதும் நம் மாணவிகள் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவரைச் சொல்வார்கள், வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறவரைச் சொல்வார்கள். தன் அம்மாவைச் சொல்பவள் அரிது. ஜேடர்பாளையத்திலோ பக்கத்து ஊர்களிலோ ஐம்பது வயதுப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ‘நான் மோகனூர்ல இருந்து இங்க வாக்கப்பட்டு வந்தவ’ என்பார். முப்பது வருடம் இந்த மண்ணில் களையெடுத்து, மாட்டுக்குத் தட்டு அறுத்துப் போட்ட பிறகும் புகுந்த வீட்டாருக்கு அவர் ‘மோகனூர்க்காரி’தான். ஊர் மாறியது, உழைப்பு கைமாறியது, பிறந்த ஊர் பட்டப்பெயரானது. ஆனாலும் இதற்குப் பெயர் கல்யாணம். இடப்பெயர்வு என்று யாரும் சொல்வதில்லை.

மானிடப் புவியியல் இதை அறியாததல்ல. குறைந்த தூரங்களுக்கு ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இடம்பெயர்கிறார்கள் என்று ராவென்ஸ்டீன் 1885இலேயே எழுதிவிட்டார். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்தோர் சுமார் 45 கோடி. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். அவர்களிடம் பதிவான முதன்மைக் காரணம் திருமணம். எண் கைவசம் இருக்கிறது. ஆனால் பாடத்தில் வரும் ‘உந்து காரணி, ஈர்ப்புக் காரணி’ என்ற ஜோடி, போகலாமா வேண்டாமா என்று தானே கணக்குப் போடும் ஓர் ஆளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ‘வாக்கப்படுதல்’, அதாவது வாழ்க்கைப்படுதல், அப்படியல்ல. அதிலுள்ள ‘படு’வைக் கவனியுங்கள்: அகப்படு, அடிபடு, வாழ்க்கைப்படு. வினை அவள்மேல் நிகழ்கிறது. என்னைக் கேட்டால் கலைச்சொல் அகராதியைவிட இந்தக் கொச்சைச் சொல் நேர்மையானது.

‘இடம்’, ‘வெளி’ இரண்டிலும் இதே கோளாறு. இடம் பாதுகாப்பு, வெளி சுதந்திரம் என்றார் ஈ-ஃபூ துவான் (1977). கேட்க அழகாகத்தான் இருக்கிறது. வீட்டை இப்படி இடத்தின் இலட்சியமாக்கும் பார்வை ஆணின் பார்வை என்று ஜில்லியன் ரோஸ் 1993இல் மறுத்தார். பல பெண்களுக்கு வீடுதான் ஓயாத வேலைக்களம், சிலருக்கு அடிவாங்கும் இடமும்கூட. டோரீன் மாஸி (1994) இன்னும் ஒரு படி போகிறார்: ஓர் இடத்தை உண்டாக்குவது எல்லைக்கோடு அல்ல, அங்கே வந்து சேரும் உறவுகள்.

மாஸி சொல்வதை ஜேடர்பாளையத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். காவிரித் தண்ணீர் ராஜவாய்க்காலுக்குத் திரும்புவது இங்கேதான். மேட்டூரில் திறந்தால்தான் இங்கே வாழையும் கரும்பும். கரும்பை நம்பி வெல்ல ஆலைகள். ஆலை வேலைக்கு வடமாநிலத்துக் கைகள். இதில் எதை அறுத்தெடுத்து ‘உள்ளூர்’ என்பது?

ஆனால் 2023இல் அறுக்கத்தான் பார்த்தார்கள். அந்த மார்ச்சில் இந்தப் பகுதியில் ஆடு மேய்க்கப் போன ஒரு பெண் கொல்லப்பட்டார். அடுத்த மாதங்களில் வெல்ல ஆலைகளுக்கும், வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருந்த கொட்டகைகளுக்கும் தீ வைக்கப்பட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தீக்காயமடைந்தார்கள். புவியியலில் ‘ஆள்புலம்’ என்று ஒரு கருத்து உண்டு: ஒரு நிலப்பரப்பைத் தனதென்று வேலிகட்டி, உள்ளே யார் வரலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம். ஒரு பெண்ணின் மரணத்தையே அந்த வேலிக்கு முட்கம்பியாக்கிவிட முடிகிறது. உள்ளூரான், வெளியூரான் என்று கோடு கிழித்தாயிற்று. வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த அத்தனை பெண்களும் கோட்டுக்கு எந்தப் பக்கம்?

நான் வாசித்த செய்திகளில் சாதி வந்தது, வடமாநிலம் வந்தது, காவல் வந்தது. ஆட்டை ஓட்டிக்கொண்டு பெண்கள் தினமும் தனியே போய்வரும் வாய்க்கால் கரையும் தரிசுக்காடும் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகள் திரும்புவதற்குள், மாடு கறக்கும் நேரத்துக்குள் வீடு வந்தாக வேண்டும் என்ற கணக்கோடு ஒருத்தி எவ்வளவு தூரம் மேய்க்கப் போக முடியும், கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் யார் இருப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தரிசில் அவள் நின்ற இடத்துக்கு நம் பாடநூலில் இன்னும் கலைச்சொல் கிடையாது.