'புனிதப் போர்': ஒரு சொல்லின் பிறப்பும் பெயர்ப்பும்

ஜிஹாத் எனும் அரபுச் சொல்லுக்குப் 'புனிதப் போர்' என்று தமிழில் பொருள் எழுதுவது இன்று ஏறத்தாழ ஒரு விதியாகவே ஆகிவிட்டது. நாளிதழ்கள் அடைப்புக்குறிக்குள் அதைத்தான் எழுதுகின்றன. இஸ்லாத்தைச் சாடுவோர் எழுதுவதும் அதுவே. வியப்பு என்னவெனில், அவர்களுக்கு மறுப்பெழுதும் நம்மவர் பலரும் அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டுதான் தம் வாதத்தைத் தொடங்குகின்றனர். எதிர்த்தரப்பு சூட்டிய பெயரை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டு, பிறகு பக்கம் பக்கமாக வாதாடி என்ன பயன்? வழக்கு அந்தப் பெயரிலேயே பாதி முடிந்துவிடுகிறதே! ஆகவே இச்சொல் எங்கே பிறந்தது, யார் கையால் நம்மிடம் வந்தது, அரபு மூலத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நம் கடமை என்று கருதுகிறோம்.

'புனிதப் போர்' என்பதை அரபியில் சொல்வதானால் 'அல்ஹர்புல் முகத்தஸா' என்றாக வேண்டும். இந்தத் தொடர் திருக்குர்ஆனில் இல்லை. போரைக் குறிக்கும் 'ஹர்ப்' எனும் பெயர்ச்சொல் திருக்குர்ஆனில் நான்கே இடங்களில் வருகிறது. அல்பகறா அத்தியாயத்தில், வட்டியைக் கைவிடாதோருக்கு இறைவனும் அவன் தூதரும் விடுக்கும் போர் அறிவிப்பாக (2:279). அல்மாயிதாவில், சிலர் மூட்டும் போர்த்தீயை இறைவன் அணைத்துவிடுகிறான் என்ற செய்தியில் (5:64). அல்அன்ஃபாலில், உடன்படிக்கையை மீண்டும் மீண்டும் முறிப்போரைப் போர்க்களத்தில் எதிர்கொள்ளும் நிலையைப் பேசுமிடத்தில் (8:57). நான்காவது, முஹம்மத் அத்தியாயத்தில் (47:4). போர் தன் 'அவ்ஸார்'களை இறக்கி வைக்கும் வரை என்று அங்கே வருகிறது. 'விஸ்ர்' என்பதன் பன்மை அது. சுமை என்று பொருள். பாவச் சுமையைக் குறிக்கவும் திருக்குர்ஆன் இதே சொல்லைத்தான் ஆள்கிறது. இவ்விடத்தில் ஆயுதங்களும் போர்த் தளவாடங்களுமே கருத்து என விரிவுரையாளர்கள் எழுதுவர். இருப்பினும், போரோடு சேர்ந்து வரும் சொல் சுமை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

'கா-தால்-சீன்' எனும் வேரிலிருந்து வரும் தூய்மை, புனிதம் ஆகிய கருத்துகளோ வேறிடங்களில் அமைகின்றன. மூஸா (அலை) காலணியைக் கழற்றுமாறு பணிக்கப்பட்ட பள்ளத்தாக்கு 'முகத்தஸ்' ஆனது. பனூ இஸ்ராயீல் நுழையுமாறு ஏவப்பட்ட பூமி 'முகத்தஸா'. அல்குத்தூஸ் இறைவனின் திருநாமம். இடத்துக்கும் ஆவிக்கும் இறைவனுக்கும் வரும் இந்த அடைமொழி, திருக்குர்ஆனில் போருக்கு ஓரிடத்திலும் வரவில்லை.

இனி 'ஜிஹாத்' எனும் சொல். 'ஜஹ்த்', 'ஜுஹ்த்' என்பவை ஆற்றல், உழைப்பு, இயன்ற வரையிலான முயற்சி எனப் பொருள்படும். 'ஜாஹத' எனும் வினை, ஒன்றை எதிர்கொண்டு தன் முழு ஆற்றலையும் செலவிடுவதாகும். இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானீ (ரஹ்) தம் 'முஃப்ரதாத்' நூலில் இதை மூவகையாகப் பகுத்தார்கள்: வெளிப்படையான பகைவனோடு, ஷைத்தானோடு, தன் உள்ளத்தோடு. பெயர்ச்சொல்லாக 'ஜிஹாத்' திருக்குர்ஆனில் நான்கு முறை வருகிறது. அவற்றுள் அல்ஃபுர்கான் அத்தியாயத்து இடம் (25:52) மக்காவில் அருளப்பெற்றது. அங்கே போருக்கு அனுமதியே இல்லை. 'இதைக் கொண்டு' பெரும் ஜிஹாத் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணிக்கப்படுகிறார்கள். 'இது' என்பது திருக்குர்ஆன் என்பதே விரிவுரையாளர் பெரும்பாலோரின் முடிவு. வேதத்தைக் கையில் கொடுத்துப் புனிதப் போர் புரியச் சொன்னதாக இதைப் பெயர்ப்பவர் எவரும் இலர்.

இதைவிடத் தெளிவான சான்று லுக்மான் அத்தியாயத்தில் உள்ளது (31:15). பெற்றோர் தம் பிள்ளையை இறைவனுக்கு இணைவைக்கும்படி வற்புறுத்தினால் கீழ்ப்படியலாகாது; ஆயினும் உலக வாழ்வில் அவர்களோடு நல்லபடி நடந்துகொள்ள வேண்டும் என்பது அவ்வசனத்தின் கருத்து. அந்த வற்புறுத்தலைக் குறிக்க இறைவன் கையாளும் வினை 'ஜாஹத' என்பதேயாகும். வினைமுதல் யார்? இணைவைக்கும் தாய் தந்தையர். நோக்கம் என்ன? மகனை இணைவைப்பின் பக்கம் இழுப்பது. ஜிஹாதின் பொருள் 'புனிதப் போர்' எனில், இணைவைப்பாளர் தம் மகன்மீது புனிதப் போர் தொடுத்தார்கள் என்றல்லவா எழுத வேண்டியிருக்கும்!

அகராதிகளின் கதையும் சுவையானது. 19ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் லேன் தொகுத்த பெரும் அரபு-ஆங்கில அகராதி, இச்சொல்லுக்கு ராகிபின் மூவகைப் பொருளையும் தருகிறது. போர் எனும் பொருள் பின்னர் முஸ்லிம்களிடையே பெருவழக்கானதையும் உரிய இடத்தில் குறிக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் மாணவர் கைகளில் புழங்கிய ஹான்ஸ் வேர் அகராதியோ சண்டை, போர், 'புனிதப் போர்' எனச் சில சொற்களில் முடித்துவிடுகிறது. அரபு கற்கும் இளைஞர் பலருக்கும் முதலில் கிடைப்பது இரண்டாவது நூல்தான். லேனின் பல தொகுதிகளைத் தூக்கிப் புரட்டும் பொறுமை யாருக்கு இருக்கிறது?

அப்படியானால் 'புனிதப் போர்' எங்கே பிறந்தது? கிரேக்கத்தில். டெல்ஃபி நகரின் அப்பல்லோ கோயிலையும் அதன் நிலங்களையும் யார் ஆள்வது என்பதில் கிரேக்க நாடுகளிடையே மூண்ட சண்டைகளுக்கு 'ஹியரோஸ் போலமோஸ்', அதாவது புனிதப் போர் என்று பெயர். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அவற்றுள் ஒன்றைக் குறிப்பிடுகையில், அவ்வாறு 'அழைக்கப்படும்' போர் என்றே எழுதினார். கி.மு. 356 முதல் 346 வரை நடந்த போரில், ஃபோக்கிய நாட்டவர் அக்கோயிலின் பொக்கிஷத்தை எடுத்துக் கூலிப்படைக்குச் சம்பளம் கொடுத்தனர். அதற்கும் அதே பெயர்தான். கோயில் சொத்தைக் குறித்த வழக்கு என்பதற்கு மேல் அந்தப் 'புனித'த்தில் ஒன்றும் இல்லை.

போரே புனிதமாவது பிற்காலத்துச் செய்தி. 1095ஆம் ஆண்டு கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பை ஏற்றுப் புறப்பட்டவர்கள், தம் செயலைப் பெரிதும் 'பயணம்' என்றும் 'யாத்திரை' என்றுமே அழைத்தனர். ஆனால் அப்படையெடுப்பின் வரலாற்றை எழுதிய நோஜான் மடத்துத் தலைவர் கிபேர், நம் கருத்துக்கு மிக முக்கியமான ஒன்றைச் சொல்கிறார். துறவு மடம் புகாமலே, தம் வாள்தொழிலை விடாமலே மறவர்கள் மீட்சி பெறும் வண்ணம் இறைவன் தம் காலத்தில் புனிதப் போர்களை ஏற்படுத்தினான் என்பது அவர் கருத்து. இங்கே போர் ஒரு தவம், துறவுக்கு மாற்று. 'புனித' எனும் அடைமொழியின் முழுக் கனமும் இந்த இடத்தில்தான் ஏறுகிறது. 1549இல் பாசெல் நகரில், தீர் நகரத்துப் பேராயர் வில்லியம் எழுதிய சிலுவைப் போர் வரலாறு அச்சேறியபோது, 'புனிதப் போர் வரலாறு' என்பதே அதன் இலத்தீன் தலைப்பு. 1639இல் தாமஸ் ஃபுல்லர் ஆங்கிலத்தில் எழுதிய நூலின் பெயரும் அதுவே. இவை இரண்டும் பேசுவது கிறிஸ்தவப் படைகளைப் பற்றி. ஜான் பன்யன் 1682இல் 'புனிதப் போர்' என்ற பெயரிலேயே ஓர் உருவகக் கதை எழுதினார். அதில் போர்க்களம் மனித ஆன்மா எனும் நகரம். உள்ளத்தோடு நடத்தும் போராட்டத்தை அச்சொல்லால் குறிக்க ஆங்கிலக் கிறிஸ்தவருக்குத் தடை இருக்கவில்லை!

இவ்வாறு ஐரோப்பியர் தமக்கெனப் படைத்த சொல்லைக் காலப்போக்கில் நம் தலையில் ஏற்றினர். தமிழிலோ அவர்களுடையது 'சிலுவைப் போர்', நம்முடையது 'புனிதப் போர்' என்று பங்கீடு முடிந்துவிட்டது. அக்காலத்து அரபு வரலாற்றாசிரியர்கள், இப்னுல் அஸீர் உட்பட, வந்தவர்களை 'அல்ஃபரன்ஜ்' என்றே குறித்தனர். 'அல்ஹுரூபுஸ் ஸலீபிய்யா' எனும் தொடர் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வழக்கைப் பார்த்து வந்தது.

1914ஐச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள், உதுமானிய அரசு இஸ்தான்புல்லில் ஜிஹாத் பிரகடனத்தை வெளியிட்டது. ஆனால் அது ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் தோள்சேர்ந்து, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகியவற்றுக்கு எதிராக! கிறிஸ்தவ அரசுகள் இருபுறமும் நிற்க, ஒருபுறத்தார் மட்டும் எதிரிகள் எனத் தீர்ப்பு. டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்ஹ்ரோன்யே இதை 'ஜெர்மனியில் செய்யப்பட்ட புனிதப் போர்' என்று தலைப்பிட்டு 1915இல் நையாண்டி செய்தார். ஆச்சேயில் முஸ்லிம்களை அடக்க டச்சு ஆட்சிக்கு ஆலோசனை சொன்னவர் அவர். நமக்கு நண்பர் அல்லர். ஆனாலும் அந்தத் தலைப்பில் உண்மை இருந்தது. பெர்லினுக்கு அருகே வுன்ஸ்டோர்ஃபில் முஸ்லிம் போர்க் கைதிகளுக்கென முகாமும் பள்ளிவாசலும் அமைத்து, 'அல்ஜிஹாத்' எனப் பத்திரிகையும் அச்சிட்டு வழங்கியது ஜெர்மானிய அரசு. 1916இல் மக்காவின் ஷரீஃப் ஹுசைனோ அதே உதுமானியருக்கு எதிராக எழுந்தார்.

சொல்லின் பயணம் அங்கும் நிற்கவில்லை. 1941இல் ஹிட்லரின் படையெடுப்பு தொடங்கியதும், கடவுள் மறுப்பை அரசுக் கொள்கையாகக் கொண்ட சோவியத் நாட்டில் பரவிய புகழ்பெற்ற பாடலின் பெயர் 'புனிதப் போர்'. 2024 மார்ச்சில் மாஸ்கோவில், ரஷ்யத் திருச்சபைத் தலைவரின் தலைமையிலுள்ள உலக ரஷ்ய மக்கள் மன்றம், உக்ரைன் போரைப் 'புனிதப் போர்' என்று ஆவணமாகவே அறிவித்தது. நம் நாளிதழ்களில் அச்சொல் எந்தச் சமயத்தாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை வாசகர் அறிவர்.

நம்மவரும் இதில் நீங்கியவர் அல்லர். 1947-48இல் ஃபலஸ்தீனில் அப்துல் காதிர் அல்ஹுசைனீ தலைமையேற்ற படையின் பெயர் 'ஜைஷுல் ஜிஹாதில் முகத்தஸ்'. அன்னிய வழக்கின் அடைமொழி அரபிக்குள்ளேயே வந்து குடியேறியதற்கு இது சான்று. திருக்குர்ஆனின் தொடர் 'ஃபீ ஸபீலில்லாஹ்', இறைவனின் பாதையில், என்பதாகும். இலக்கணம் பயின்றோர் இவ்வேறுபாட்டை உணர்வர். 'முகத்தஸ்' என்பது பெயரடை. அது போருக்கே ஒரு தன்மையை ஏற்றுகிறது. 'ஃபீ ஸபீலில்லாஹ்' வினையைத் தழுவி நிற்பது. செய்பவன் எந்தத் திசையில் செல்கிறான் என்பதைச் சொல்கிறது. பொருளுக்காகவும் புகழுக்காகவும் போரிடுவோரைப் பற்றி வினவப்பட்டபோது, இறைவனின் வாக்கு மேலோங்கப் போரிடுபவனே இறைவனின் பாதையில் உள்ளவன் என நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததை புகாரீ பதிவு செய்கிறது. வீரன் எனப் பேர் வாங்கப் போரிட்டு மாண்டவன் நரகில் எறியப்படுவான் என்பது முஸ்லிமில் உள்ள செய்தி. போர் தானே புனிதம் என்றால் இத்தீர்ப்புக்கு இடமேது?

இவ்வளவும் சொன்ன பின், மறுபக்கத்துப் பிழையையும் சுட்டாமல் விடுவது நேர்மையாகாது. ஜிஹாதுக்கும் போருக்கும் தொடர்பே இல்லை, அது மனப் போராட்டம் மட்டுமே என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அவர்கள் கைக்கொள்வது, சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பியதாக வரும் புகழ்பெற்ற அறிவிப்பு. அதன் தொடர் பலவீனமானது என இமாம் பைஹகீ (ரஹ்) கூறினார்கள். அது இப்ராஹீம் இப்னு அபீ அப்லாவின் சொல் என ஹாஃபிள் இப்னு ஹஜர் (ரஹ்) குறித்தார்கள். அடிப்படையற்றது என இப்னு தைமிய்யா (ரஹ்) மறுத்தார்கள். பலவீனமான தூணில் பந்தல் கட்டுவானேன்? தன் உள்ளத்தோடு போராடுபவனே முஜாஹித் எனும் நபிமொழி திர்மிதீயில் நல்ல தரத்தில் இருக்கிறதே! போருக்குச் செல்ல அனுமதி கேட்டவரிடம், பெற்றோர் உயிரோடு இருப்பதை அறிந்து, அவ்விருவரிடமே உன் ஜிஹாத் என நபி (ஸல்) அவர்கள் திருப்பியனுப்பியது புகாரீயில் இருக்கிறதே! ஃபிக்ஹு நூல்களில் ஜிஹாத் எனும் பாடம் போரைப் பற்றியதுதான். அதை மறைப்பதால் நம் நம்பகத்தன்மையே குறையும்.

ஆனால் அது எத்தகைய பாடம்? இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜி'ல் அதற்கு 'ஸியர்' என்று பெயர். நடைமுறைகள் என்பது பொருள். யாரைக் கொல்லலாகாது, அபயம் அளிக்கப்பட்டவரின் உரிமை யாது, தூதர் நிலை யாது என விதிகளைப் பேசும் சட்டப் பகுதி அது. இன்னொரு செய்தி, மதரஸாவில் ஓதியோர் அறிந்ததே, ஆயினும் வெளியில் சொல்லப்படுவதில்லை: சமுதாயக் கடமைகளாகிய ஃபர்ளு கிஃபாயாக்களின் பட்டியல் முழுதும் இந்தப் பாடத்தில்தான் வருகிறது. ஆடையற்றவருக்கு ஆடை, பசித்தவருக்கு உணவு, பிழைப்புக்கான கைத்தொழில்கள், ஸலாமுக்குப் பதில், எல்லாம் அங்கேயே. 'முக்னில் முஹ்தாஜி'ல் இமாம் ஷிர்பீனீ (ரஹ்) ஒருபடி மேலே செல்கிறார்கள்: ஜிஹாதின் கடமை வழிவகை எனும் அளவிலானது, இலக்கு எனும் அளவிலானதன்று, நேர்வழி காட்டுவதே நோக்கம், சான்றுகளை எடுத்துரைத்தே அது கைகூடுமாயின் போரைவிட அதுவே மேல். மறவனின் தவமாகப் போரை உயர்த்திய கிபேரின் கூற்றையும் இதையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்க்கலாம்.

நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் 'ஃபத்ஹுல் முயீன்' ஆசிரியர், பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்), 16ஆம் நூற்றாண்டில் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' எனும் நூலையும் எழுதினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்து முஹம்மது ஹுசைன் நயினார் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1942இல் வெளிவரச் செய்தார். மலபார்க் கரையில் பள்ளிவாசல்களை எரித்து, ஹஜ் பயணிகளின் கப்பல்களைக் கொள்ளையிட்ட போர்த்துக்கீசியரை எதிர்க்க அந்நூல் அறைகூவுகிறது. அவ்வெதிர்ப்பில் முஸ்லிம்களுக்கு அரணாக நின்றவர் முஸ்லிமல்லாத மன்னரான சாமூதிரி. அவர் நாட்டில் முஸ்லிம்கள் பெற்ற மதிப்பை ஆசிரியர் நன்றியோடு எழுதுகிறார்கள். உதவ முன்வராத முஸ்லிம் அரசர்களைக் குறித்து வருந்தவும் செய்கிறார்கள். சமயத்தார் இருகூறாகப் பிரிந்து மோதும் 'புனிதப் போர்' எனும் சட்டகத்துக்குள் இந்த ஜிஹாத் அடங்குமா?

எஞ்சுவது தமிழாக்கச் சிக்கல். நம் மொழிபெயர்ப்பாளர் சிலர் 'அறப்போர்' என்கின்றனர். 'புனிதப் போரை'விட அது மேலானது. அறத்தின் எல்லைக்குள் போரை நிறுத்துகிறது. ஆயினும் அல்ஃபுர்கானிலும் லுக்மானிலும் அது பொருந்தாது. எனவே திருக்குர்ஆன் தமிழாக்கங்களில் 'ஜிஹாத்' என்று மூலச் சொல்லையே வைத்து, 'கிதால்' வருமிடத்தில் மட்டும் போர் என்று பெயர்ப்பதும், வினையாக வருமிடங்களில் சூழலுக்கேற்ப உழைத்தல், பாடுபடுதல், போராடுதல், வற்புறுத்துதல் எனப் பெயர்ப்பதும் தக்கதாகும். ஸகாத்தையும் ஹஜ்ஜையும் தமிழர் எல்லோரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டனர். இந்தச் சொல்லுக்கு மட்டும் டெல்ஃபியிலிருந்தும் கிளெர்மோனிலிருந்தும் இரவல் வாங்க வேண்டியதில்லை.