கலவைப் பெண்ணும் கடற்பயணமும்

ஆர்க்காட்டை அடுத்த கலவையிலே ஓர் இல்லறத்தார். இருவரும் காலணித் தொழிற்சாலையில் உழைப்பவர்கள். கணவர் தோல் வெட்டும் பிரிவிலே. அச்சகோதரி மேல்தோல் தைக்கும் பிரிவிலே. திங்கள்தோறும் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தைக்கொண்டு 2023ஆம் ஆண்டு அவர்கள் செய்த செயல், தெருவையே திகைக்க வைத்தது. நகை வாங்கவில்லை, மனை வாங்கவில்லை. கப்பல் ஏறி இலங்கைத் தீவுக்கு இன்பச் செலவு சென்று வந்தார்கள்!

அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பலின் இலங்கைப் பயணம் தொடங்கிவைக்கப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அது தொடும் துறைகள் என்று அறிவித்தார்கள். செல்வர்க்கென்றே சமைந்தது போன்ற அம்மிதக்கும் மாளிகையிலே, தோல் தைத்துக் காய்த்த கைகளும் ஒரு முறை கம்பியைப் பற்றி நின்று கடலைப் பார்த்தன.

திரும்பி வந்ததும் தெருவார் கேட்டது என்ன? "தோல் தைக்கிறவளுக்குக் கப்பல் சவாரி கேக்குதா?" என்று. ஊன்றிக் கவனியுங்கள்: தோல் வெட்டுகிறவனுக்குக் கேட்கிறதா என்று எவரும் கேட்கவில்லை! இருவரும் ஒரே கப்பலில்தான் சென்றனர். ஏச்சு மட்டும் ஒருத்திக்கே வந்து சேர்ந்தது. இவ்வோரவஞ்சனை அத்தெருவிலே முளைத்ததன்று. இதன் வேரைத் தேடினால் நம் ஏடுகளுக்குள்ளேயே இறங்க வேண்டியிருக்கிறது.

கடல்வழிச் செலவு மகளிரோடு இல்லை என்று பொருள்படத் தொல்காப்பியத்து அகத்திணையியலில் ஒரு நூற்பா உண்டு. 'முந்நீர்' என்பதற்குக் கடல் என்றே உரை கண்டாரும் உளர். ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று நீர்மை என உரைத்தாரும் உளர். எவ்வுரையைக் கொண்டாலும் பெண் கரையிலேதான்! தொல்காப்பியரை நாம் குறை கூறோம். அவர் காலத்து மரக்கலம் காற்றின் கையிலிருந்த துரும்பு. சென்றவன் மீள்வான் என்பதற்கு உறுதியில்லை. கண்ட வழக்கை அவர் வகுத்துரைத்தார். வழக்கைச் சொன்ன நூற்பாவை வேலியாக்கிக் கொண்டவர்கள் பின்வந்தவர்கள்.

அவ்வேலி எத்துணை வலிது என்பதற்கு மணிமேகலையே சான்று. சாதுவன் என்பான் மனைவி ஆதிரையை விட்டுக் கணிகையிடம் சென்று, சூதாடிப் பொருளைத் தொலைத்து, பின் வணிகரோடு வங்கம் ஏறுகிறான். கலம் கவிழ்கிறது, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையை அடைகிறான். அவர்கள் மொழி அறிந்தவனாதலால் உயிர் தப்பி, அவர்கட்கு அறம் உரைத்துச் செல்வத்தோடும் மீள்கிறான். பிழை செய்தவனுக்குப் புது நாடு, புது அனுபவம், புகழ்! பிழையே செய்யாத ஆதிரை? கணவன் மாண்டான் என்ற பொய்ச் செய்தியைக் கேட்டு நெருப்பிலே இறங்குகிறாள். நெருப்புச் சுடவில்லை என்று சாத்தனார் அவளைக் காக்கிறார். காக்கட்டும், மகிழ்கிறோம். ஆனால், ஆடவனுக்கு அலையும் பெண்ணுக்குத் தீயும் என்று பங்கிட்டது எந்த நீதி?

காவியத் தலைவியையே பாருங்கள். மணிபல்லவத் தீவுக்குத் தெய்வம் அவளை உறக்கத்திலே எடுத்துச் செல்கிறது. பின்னர்ச் சாவக நாட்டரசன் புண்ணியராசன் அத்தீவுக்குக் கப்பலில் வருகிறான். மணிமேகலையோ வான்வழியே வருகிறாள்! துறவு பூண்டவள், பசிப்பிணி தீர்த்தவள், தருக்கம் வல்ல சமயவாதிகளை எதிர்கொண்டவள். அவளுக்கு வானத்தைத் திறந்துவிட்ட புலவர்க்கு, ஒரு கப்பலின் ஏணியைக் காட்ட மனம் வரவில்லை.

காலம் மாறிற்றே என்பீர்கள். கணித மேதை இராமானுசன் 1914 மார்ச் 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறினார். கடல் கடத்தல் குற்றம் என்ற சாத்திரத் தளை அவரையும் முதலில் தயங்க வைத்தது, பின்பு அவிழ்ந்தது. மனைவி ஜானகி உடன் செல்லவில்லை.

திரைக்கு வருவோம். 2010இல் வெளிவந்த 'மன்மதன் அம்பு', கதையின் பெரும்பகுதியை ஓர் உல்லாசக் கப்பலிலே நடத்துகிறது. நடிகை ஒருத்தி தோழியோடு விடுமுறைக்குக் கடற்செலவு போகிறாள். அவளை மணக்கவிருப்பவனோ, அவள் ஒழுக்கத்தை வேவு பார்க்க ஆள் அனுப்புகிறான்! நகைச்சுவைப் படந்தான், அந்த ஐயத்தை எள்ளுவதே அதன் நோக்கம் என்பதையும் ஒப்புகிறோம். எனினும் பெண் கப்பலேறினால் பின்னாலே ஒற்றனும் ஏறுவான் என்பது கதைக்குரிய இயல்பான தொடக்கமாக நமக்குத் தோன்றுகிறதே, அதைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம்.

இத்தனை ஏடுகளும் கரையிலே நிறுத்திய பெண், உண்மையிலே கடல் கடக்கவில்லையா? கடந்தாள், ஆயிரமாயிரமாக. 1860 அக்டோபரில் சென்னையை விட்டு நீங்கிய 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் 342 பேரை நேட்டாலின் டர்பன் துறையிலே இறக்கிற்று. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாயினர். பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை அறுபதினாயிரம் பேர். அவருள் தென்னாட்டார் 1903 முதல் சென்னையிலிருந்து ஏற்றப்பட்டனர். ஆள் மிகுதியாகத் தந்த மாவட்டங்களுள் முன்னணியில் நின்றது எது? நம் வட ஆர்க்காடு! கலவையைத் தன்னகத்தே கொண்டிருந்த அதே வட ஆர்க்காடு.

பிஜிக்கு நூறு ஆடவர் சென்றால் நாற்பது பெண்டிர் செல்ல வேண்டும் என்பது சட்டம். நாட்கூலி ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். ஐந்தாண்டு கட்டு. கரும்புக் கொல்லைக்கு ஆள் தேவைப்பட்ட போது நூற்பாவும் தடுக்கவில்லை, சாத்திரமும் குறுக்கே நிற்கவில்லை, தெருவாரும் 'கப்பல் கேக்குதா' என்று கேட்டிலர். அடிமையாய்ப் போனால் அனுமதி. மகிழ்ந்து போனால் ஏளனம்!

அப்பெண்களை எழுதியவர் யார்? பாரதியார் பிஜியின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடினார். அது தோட்டத்தின் துயரம். கப்பலேறியவர்களைக் குறித்து வைத்த ஏடு ஒன்றுண்டு: நேட்டால் அரசாங்கத்துப் பயணியர் பதிவேடு. பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு என்று ஆளுக்கு ஒரு வரி. ஆதிரைக்கு ஒரு காதை கிடைத்தது; ஆர்க்காட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது தழும்பின் அடையாளம்.

உல்லாசக் கப்பல் என்றாலே உயர்ந்ததென நாம் கூறவில்லை. சூதாட்டக் கூடம் குறித்த எதிர்ப்பினால் 2022இல் அக்கப்பலுக்குப் புதுவையிலே அனுமதி மறுக்கப்பட்டது. சாதுவனைக் கெடுத்த சூது எவனையும் கெடுக்கும். ஆனால் நாம் பேசும் சகோதரி சூதாடச் சென்றாரில்லை.

அவர் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டிலே தம் பயணத்தை எழுதி வைத்திருக்கிறார். வேண்டிக் கேட்டு வாங்கிப் படித்தோம். இலக்கணப் பிழைகள் உண்டு. உணவுப் பட்டியல் சற்று நீளம். ஆனால் முதல் நாள் இரவு, குமட்டலால் கணவர் படுத்துவிட, தனியே மேல்தளத்துக்கு ஏறிக் கரை விளக்குகள் ஒவ்வொன்றாய் மறைவதை எண்ணிக்கொண்டு நின்றதைச் சொல்லுமிடம் ஒன்றுண்டு. அச்சமா, ஆனந்தமா என்று தமக்கே விளங்கவில்லை என்று எழுதுகிறார். திருகோணமலைக் கடைத்தெருவிலே ஒரு மூதாட்டி தமிழிலே "எந்த ஊர்?" என்று கேட்டதும், "கலவை" என்று சொல்லிவிட்டு, அவ்வூர் அவர்க்குத் தெரியாதே என்று நாணியதும் அதே பக்கத்தில் இருக்கின்றன. எந்தக் காதையிலும் நாம் காணாத ஒருத்தியை அங்கே கண்டோம்.

இதை அச்சிடலாமா என்று கேட்டோம். "வீட்டுக்காரர் படிச்சுட்டார், போதும்" என்றார் முதலில். பிறகு, பிழை திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டு குறிப்பேட்டைத் திரும்ப வாங்கிச் சென்றிருக்கிறார். வரும் கிழமை இதழில் நான்கு பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.