ரதமா, கப்பலா?

தமிழ் சினிமாவில் வேற்றுக்கிரகவாசி வந்து இறங்கியது 1963இல். ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'யில், கலை வளராத கிரகத்துக்காரர்கள் பாடத் தெரிந்த பெண்ணைப் பறக்கும் தட்டில் தூக்கிப் போகிறார்கள். பானுமதியை ஏற்றிப்போக அந்தத் தட்டுக்கு ஒரு கதவு இருந்தால் போதும். எஞ்சின் எங்கே என்று யாரும் கேட்கப் போவதில்லை. அது புஷ்பக விமானத்தின் தம்பி. ராஜா ராணிக் கதைக்குப் பொருத்தம்தான்.

2018இல் 'டிக் டிக் டிக்', இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்ற விளம்பரத்தோடு வந்தது. விண்கல் வருகிறது, வேறொரு நாட்டு விண்வெளி நிலையத்தில் ஏவுகணையைத் திருட வேண்டும். கதாநாயகன் வித்தைக்காரன். கிராஃபிக்ஸ் வளர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே திருட்டை ஒரு பேங்க் பெட்டகத்தில் நடத்தினாலும் கதை நிற்கும். அப்படியென்றால் கப்பல் இன்னமும் ரதம்தானே?

தஞ்சோங் டாவாய் படகுத்துறையில் நில்லுங்கள். படகின் ஐஸ் அறையைப் பார்த்தாலே அது எத்தனை நாள் கடலில் தாங்கும் என்று ஊகிக்கலாம். விண்கலத்துக்கு அந்த மாதிரிக் கணக்கு, வெப்பம். வெற்றிடத்தில் சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்று கிடையாது. கதிர்வீச்சாகத்தான் அது வெளியேற வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் அம்மோனியாவை ஓடவிட்டு, வெள்ளைப் பலகைகள் வழியாக 70 கிலோவாட் வரை வெளியே தள்ளுகிறார்கள். சினிமாக் கப்பல்களில் அந்தப் பலகைகளைக் காண்பதே அபூர்வம்.

இது சும்மா இஞ்சினியர் குசும்பு இல்லை. டாம் காட்வின் 1954இல் எழுதிய 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்' கதையில், கப்பலில் எரிபொருள் அளந்து வைத்த அளவு மட்டுமே. திருட்டுத்தனமாக ஏறிய பெண்ணை வெளியே தள்ளாவிட்டால், மருந்துக்காகக் காத்திருப்பவர்கள் சாவார்கள். இயற்கை விதிக்கு இரக்கமில்லை என்கிறது கதை. எனக்கு வேறு கேள்வி வருகிறது: உபரி எரிபொருள் ஒரு சொட்டுகூட வேண்டாம் என்று முடிவு செய்தது யார்? அது இயற்கை விதி இல்லை, செலவுக் கணக்கு. அந்தப் பெண்ணைக் கொல்வது டிசைன்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதும் அல்ல. தோட்டத்து லயங்களை வரைந்தவர்கள் லயத்தில் குடியிருக்கவில்லை. ஒரு குடும்பத்துக்கு எத்தனை அடி போதும், தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானித்தார்கள். வாழ்ந்தது நம் பாட்டிமார்கள். அந்த நினைவோடு ஒருவர் விண்கலத்தை எழுதினால், யார் எஞ்சினுக்குப் பக்கத்தில் படுக்கிறார்கள், குளிரூட்டி பழுதானால் யாருடைய அறை முதலில் அணைக்கப்படும் என்பதிலிருந்தே கதை தொடங்கிவிடும். அறிவியல் புனைவு எழுதும் நண்பர்களே, கப்பலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் அதன் தரைப்படத்தை ஒருமுறை வரைந்து பாருங்கள்.