இருபத்தாறு பேருக்கு ஏழு பாத்திரம்

2003ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரமிருக்கும். அம்பாறை மாவட்டக் கரையோர ஊரொன்றின் இளைஞர் கழகம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு நாடகம் போட வேண்டுமென்று என்னை அழைத்திருந்தது. இஷாவுக்குப் பிறகு கடற்கரையை அண்டியிருந்த மண்டபத்தில் கூடினோம். மாரி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்ததால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. வந்தவர்களை எண்ணினேன். இருபத்தாறு பேர். கடலுக்குப் போகிறவர்கள், தறியில் இருப்பவர்கள், ஏ.எல். எழுதிவிட்டு வீட்டிலிருப்பவர்கள், ஓர் ஆட்டோ ஓட்டுநர், ஒரு முஅத்தினின் மகன். என் பைக்குள் இருந்த பிரதியிலோ ஏழு பாத்திரங்கள்.

பிரதி நான் எழுதியதுதான். கைக்கூலிக்கு எதிரான நாடகம். பெண்ணின் வாப்பா, உம்மா, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் வாப்பா, தரகர், மௌலவி, அயல்வீட்டுக் காக்கா. இந்த ஏழு பேரும் ஒரு கூடத்தில் கதிரைகளில் அமர்ந்து பேசுவார்கள். ஏழு பேரைத் தெரிந்தெடுத்தேன். மீதிப் பத்தொன்பது பேருக்கும் திரை, வெளிச்சம், கதிரை அடுக்குதல் என்று 'பொறுப்புகள்' கொடுத்தேன். கடைசி வரிசையில் நின்ற ஒரு பையன், "எனக்கு என்ன சேர்?" என்று கேட்டான். "நீங்க திரை" என்றேன். தலையாட்டினான். மறுநாள் வரவில்லை. மூன்றாம் இரவு பதினொரு பேர். அடுத்த கிழமை ஒன்பது பேர்.

நாடகம் மேடையேறியது. சனம் வந்தது. பெண்ணின் உம்மாவாக, சாரி கட்டி முக்காடிட்டு ஒரு பையன் நடித்தான். காணியை ஈடுவைக்க வேண்டுமென்று அந்த உம்மா அழுகின்ற இடம்தான் நாடகத்தின் உயிர்நிலை என்று நான் நினைத்திருந்தேன். அந்த இடத்தில் மண்டபம் முழுதும் சிரித்தது. சாரியைப் பார்த்துச் சிரித்தது. அந்த மண்டபம் 2004 டிசம்பர் 26இல் கடலோடு போயிற்று. நாடகத்தைப் பற்றி யாரும் என்னிடம் பிறகு பேசவில்லை. பேச ஒன்றும் இருக்கவில்லை என்பதே உண்மை.

இதை நெடுங்காலம் நடிப்பின் குறை என்றே எண்ணியிருந்தேன். குறை தெரிவிலேயே இருந்தது என்பது பின்னர்தான் விளங்கிற்று. நம்மவர்கள் எழுதும் நாடகங்களை எடுத்துப் பாருங்கள். ஐந்து பேர், ஆறு பேர், அதிகம் போனால் எட்டுப் பேர். ஒரு கூடம், ஒரு பிரச்சினை, நீண்ட உரையாடல், இறுதியில் ஒருவர் மனந்திருந்துவார். இந்த அச்சு எங்கிருந்து வந்தது? என் எண்ணம், வானொலியிலிருந்து. முஸ்லிம் சேவை நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். காதுக்கு எழுதும்போது குரல்கள் குறைவாக இருக்க வேண்டும், இல்லையேல் யார் பேசுவதென்று குழம்பும். அது வானொலியின் நியாயமான தேவை. அந்தத் தேவையை அப்படியே தூக்கி மேடையில் வைத்தோம். உடல் இல்லாத நாடகத்தை உடல்கள் நிறைந்த மேடைக்குக் கொண்டு வந்தோம். பாடசாலைப் போட்டிகளின் நேரக் கட்டுப்பாடும் இதற்குத் துணைபோனது.

நமது மண்ணின் பழைய அரங்கோ வேறு கணக்கில் இயங்கியது. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அண்ணாவியார் முதலில் ஊரைப் பார்ப்பார், பிறகுதான் பாத்திரம் வகுப்பார். மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கக் கூத்துகளில் ஒரே பாத்திரத்தை இருவர் மூவர் பங்கிட்டு ஆடும் வழக்கம் உண்டு. நள்ளிரவுவரை ஓர் அரசன், அதன்பின் இன்னோர் அரசன். உளவியல் ஒருமை பேசுகிறவர்களுக்கு இது பிழையாகத் தெரியும். ஆனால் இரண்டு குடும்பங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. இது கலைக்குப் புறம்பான சமாதானம் என்று ஒருகாலத்தில் நானும் எழுதியிருக்கிறேன். இன்று அப்படி எழுதமாட்டேன். ஊர் சேர்ந்து செய்யும் அரங்கில் யார் மேடையில் நிற்கிறார் என்பது கலைக்குள் அடங்கிய விடயமே.

ஆட்கள் அதிகமுள்ள பிரதியைத் தேடினால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். அங்கேயும் ஒரு மோசம் இருக்கிறது. சரித்திர நாடகமொன்றின் பாத்திரப் பட்டியலில் நாற்பது பெயர் இருக்கும். அதில் முப்பது பேர் ஈட்டி பிடித்து நிற்பார்கள். ஈட்டி பிடிக்கிறவனுக்கும் திரை இழுக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்? திரை இழுக்கிறவனுக்காவது வேலை இருக்கிறது. ஆகவே எத்தனை பேர் என்பதோடு, மேடையில் நிற்கும் ஒவ்வொருவனுக்கும் அங்கே நிற்க ஒரு காரணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்வியோடு நான் வாசித்தவற்றுள் என்னைப் பெரிதும் ஆட்கொண்டது ஹபீப் தன்வீரின் 'ஆக்ரா பஸார்'. 1954இல் டில்லியில், ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் மாணவர்களையும் அதன் அயலிலுள்ள ஒக்லா கிராமத்து மக்களையும் வைத்து அவர் அதை மேடையேற்றினார். உருதுக் கவிஞர் நஸீர் அக்பராபாதியைப் பற்றிய நாடகம். நஸீர் 1830இல் மறைந்தவர். ரொட்டியையும் காசையும், சந்தையையும் கூத்தையும், பெருநாளையும் தீபாவளியையும் ஹோலியையும் பாடியவர். அதனாலேயே அக்காலப் பண்டிதர்களால் கவிஞராக ஏற்கப்படாதவர்.

கதை மிகச் சிறியது. ஆக்ராக் கடைத்தெருவில் வியாபாரம் மந்தம். ஒரு வெள்ளரிக்காய் வியாபாரி, தன் காயைப் பற்றி ஒரு கவி இருந்தால் பாடி விற்கலாமென்று எண்ணிக் கவிஞர்களிடம் போய்க் கெஞ்சுகிறான். புத்தகக் கடையில் கூடியிருக்கும் கவிஞர்களும் விமர்சகர்களும் அவனை விரட்டுகிறார்கள். வெள்ளரிக்காய்க்குக் கவியா? எதிர்ப்புறம் பட்டக்கடை. அங்கே கூடுகிறவர்கள் நஸீரின் அன்பர்கள். கடைசியில் நஸீரிடமிருந்து அவனுக்குப் பாட்டுக் கிடைக்கிறது, காய் விற்கிறது. மற்ற வியாபாரிகளும் நஸீரைத் தேடி ஓடுகிறார்கள். நஸீர் ஒரு தடவையேனும் மேடைக்கு வருவதில்லை.

கதாநாயகனை மேடையிலிருந்து அகற்றிய இந்தச் செயல் எவ்வளவு பெரிய காரியம் என்பதை, கழகங்களில் நாடகம் பழக்கியவர்கள் உடனே உணர்வார்கள். நஸீர் வந்திருந்தால் ஊரின் அழகான, குரல்வளமுள்ள ஒருவன் அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொள்வான். மற்றவர்கள் அவனைச் சூழ்ந்து நின்று தலையாட்டுவார்கள். நஸீர் வராததால் கடைத்தெரு முழுவதும் நஸீராகிவிடுகிறது. லட்டு விற்கிறவன், பானை செய்கிறவன், தர்ப்பூசணி விற்கிறவன், குரங்காட்டி, பாடி வரும் பக்கீர்கள் என்று ஒவ்வொருவனுக்கும் அங்கே நிற்பதற்கு வயிற்றுக் காரணம் இருக்கிறது. மேடைக்குப் புதியவன் "கையை எங்கே வைப்பது?" என்று கேட்க மாட்டான். கை கூடையில் இருக்கும்.

பிரெக்டின் அரங்கைக் காணத் தன்வீர் பேர்லின் போனது 1956இல். ஆக்ரா பஸார் அதற்கு இரண்டு வருடம் முந்தியது. காவிய அரங்கை அவர் அங்கிருந்து இறக்குமதி செய்தார் என்று சொல்வோர் இந்த ஆண்டுகளைப் பார்ப்பது நல்லது.

நாடகத்தில் எனக்குக் குறையும் உண்டு. புத்தகக் கடைக்காரர்களின் பேச்சு நீளம். உருதுக் கவிதை மரபை அறியாதவர்களுக்கு அந்தப் பரிகாசத்தில் பாதி விளங்காது. தமிழில் அப்படியே பெயர்த்தால் அந்தக் காட்சிகளில் சபை கச்சான் கொறிக்கத் தொடங்கிவிடும். ஒரு தவாயிஃபின் வீடும் கதையில் வருகிறது. அதை நமது ஊர்களில் எப்படிக் கையாள்வதென்று எனக்கு இன்னும் தெளிவில்லை. வெட்டிவிடலாமென்று நண்பர்கள் சொல்கிறார்கள். வெட்டினால் கடைத்தெருவின் ஒரு பக்கம் பொய்யாகிவிடும்.

பிரெக்டின் 'வெண்கட்டி வட்டம்' இன்னொரு வழியைக் காட்டுகிறது. அது முதன்முதலில் மேடையேறியது 1948இல், அமெரிக்காவின் நோர்த்ஃபீல்ட் என்ற சிறிய ஊரில், கல்லூரி மாணவர்களால். சிங்களத்தில் ஹென்றி ஜயசேன 1967இல் 'ஹுணுவட்டயே கதாவ' ஆக்கி, நாடெங்கும் அறியச் செய்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள், ஆனால் காட்சிகள் வழிப்பயணமாக அமைந்தவை. குருஷா குழந்தையோடு ஓடுகிறாள், ஒவ்வொரு வாசலிலும் புதிய ஆட்கள். ஆகவே ஒரு வாசலுக்குரியவர்கள் ஒரு குழுவாக, தமக்குத் தோதான இரவில் ஒத்திகை பார்க்கலாம். கடலுக்குப் போகிறவர்களையும் இரவுக் கடை வைத்திருப்பவர்களையும் ஒரே நேரத்தில் கூட்ட முடியாமல் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எடுத்துரைஞர் ஒருவர் எல்லாவற்றையும் கோத்துவிடுவார்.

இப்சனின் 'மக்கள் விரோதி' (1882) பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நாலாம் அங்கத்தில் ஊர்க்கூட்டம் இருக்கிறதே, அதில் எத்தனை பேரையும் போடலாமே என்று. போடலாம். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு இப்சன் தந்திருப்பவை சில கூச்சல்களும் ஒரு குடிகாரனும் மட்டுமே. நெறியாளர் ஒவ்வொருவருக்கும் பெயரும் தொழிலும் கொடுத்து, குளிப்பிடம் மூடப்பட்டால் இவனுக்கு என்ன நட்டம் என்று சொல்லிக் கொடுக்காவிட்டால் அது வெறும் இரைச்சல். அப்படிச் செய்தால் நமது பள்ளிவாசல் நிருவாகக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அதைவிட நெருங்கிய காட்சி கிடையாது.

இனி, நான் தள்ளிவைத்துக்கொண்டு வந்த விடயம். மேற்சொன்ன கணக்கெல்லாம் ஆண்களின் கணக்கு. அந்த இரவில் இருபத்தாறு பேர் என்று எண்ணினேனே, அவர்களின் சகோதரிகளை யார் எண்ணினார்கள்? சாரி கட்டிய பையனைப் பார்த்துச் சபை சிரித்ததற்கு அவன் மட்டுமா காரணம்? ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் நடிப்பதற்கு நமது பல ஊர்களில் இன்றும் இணக்கம் இல்லை. அதை ஒரு கட்டுரையால் மாற்றிவிட முடியுமென்று நான் நம்பவில்லை. ஆனால் பெண்கள் பாடசாலைகள் இருக்கின்றன. தமிழ்த்தினப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகங்களைச் செய்கிறார்கள். அங்கேயும் தொப்பி வைத்து மீசை ஒட்டிய வாப்பாக்கள் வந்துவிடுகிறார்கள். ஏன்?

லோர்க்கா 1936இல் எழுதிய 'பெர்னார்டா அல்பாவின் வீடு' முற்றிலும் பெண்களின் நாடகம். க. பாலேந்திரா 1970களின் இறுதியில் 'ஒரு பாலை வீடு' என்ற பெயரில் அதைத் தமிழில் தந்தார். கணவன் இறந்ததும் ஐந்து மகள்மாருக்கும் எட்டு வருடத் துக்கம் விதித்துக் கதவை அடைக்கிறாள் தாய். முதலங்கத்தில் துக்கம் விசாரிக்க வரும் பெண்கள் மேடையை நிறைக்கிறார்கள். இருநூறு பேர் என்கிறது லோர்க்காவின் மேடைக்குறிப்பு! மௌத்து வீட்டில் பெண்கள் கூடியிருக்கும் அறையை அறிந்த எந்தச் சிறுமிக்கும் அந்தக் காட்சியில் நிற்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மார்க்கம் சொன்ன இத்தா நாலு மாதமும் பத்து நாளும், அதுவும் மனைவிக்கு. பெர்னார்டா விதித்த எட்டு வருடம் யாருடைய சட்டம்? ஊர்வாய்க்குப் பயந்தவளின் சட்டம். இந்த வேறுபாட்டைப் பேசுவதற்கு நமக்கு இதைவிட நல்ல பிரதி கிடைப்பது கஷ்டம். நாடகத்தின் முடிவும் இளைய மகளின் வேட்கையும் எந்த அதிபரையும் தயங்க வைக்கும் என்பதையும் அறிவேன். ஓர் ஆசிரியை இரண்டு வருடம் முன் முதலங்கத்தை மட்டும் செய்ய அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. மீண்டும் கேட்கப்போவதாகச் சொன்னார்.

பொல்லடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம்மிடம் கூத்து இல்லையே என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள், இரட்டைப்படை எண்ணிக்கையில் பொல்லேந்தி, அண்ணாவியாரின் பாட்டுக்குச் சுழன்று, குனிந்து, குறுக்கே புகுந்து வெளிவரும் அந்த ஆட்டத்தைக் கலியாண ஊர்வலத்துக்கும் அமைச்சர் வரவேற்புக்கும் ஒதுக்கிவிட்டார்கள். விஜய் டெண்டுல்கரின் 'காஷிராம் கோத்வால்' 1972இல் பூனாவில் மேடையேறியபோது, வரிசையாக நின்ற பிராமணர்கள் பன்னிருவரும் மனிதச் சுவராயினர். திரைச்சீலை செய்யும் வேலையை அந்தச் சுவர் செய்தது. பன்னிரண்டு பொல்லடிக்காரர்களால் அதைச் செய்ய முடியாதா? பொல்லைக் கிடையாகப் பிடித்தால் கடைப் பலகை, நிமிர்த்தினால் வேலி, தோளில் வைத்தால் தோணி. திரைக்கு ஆள் தேவைப்படாது.

நாங்கள் சிலர் இப்போது ஆக்ராவை விட்டுவிட்டு, நமது ஊர்ச் சந்தையை வைத்து ஒரு பிரதி எழுதிக்கொண்டிருக்கிறோம். இருபத்திரண்டு வியாபாரிகள் வந்துவிட்டார்கள். பொல்லடி அண்ணாவியார் ஒருவர் சம்மதித்திருக்கிறார், மகனையும் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வெள்ளரிக்காய்க்கான பாட்டுத்தான் இன்னும் அமையவில்லை. எங்களில் கவிஞர்கள் மூவர் முயன்றோம். மூன்றும் கவியரங்கக் கவிதைகளாகிவிட்டன. வயலில் கவி பாடிப் பழகிய ஒரு மூதாட்டியிடம் போய்க் கேட்டோம். "வெள்ளரிக்காய்க்கா மனே கவி?" என்று வாய்விட்டுச் சிரித்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.